உன் பெயரில் ஒரு தீர்ப்பு

நேற்றுக் காலை சிதம்பரத்தில் ஒரு லேபில் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை பார்க்க. ஆமாம், எனக்கும் வந்துவிட்டது, சிரிக்காதே. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அங்கே ரத்தம் எடுக்கிற பெண் என் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து எதிரே நின்றுவிட்டாய். ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "காலையில வந்து தைராய்டுக்கு ரத்தம், யூரின் குடுத்தது யாரும்மா? செல்வி, செல்வி! யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கு, டாக்டர பாக்கணும்!" பெஞ்சில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் செல்வி பாவம், தலை குனிந்தபடி எழுந்து போனாள். நீ இருந்திருந்தால் சத்தம் போட்ட அந்த லேப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு ஒரு பிடி பிடித்திருப்பாய்.

உன் லேபில் யாருடைய பெயரையும் நீ சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டை எழுத்து உள்பக்கம் போகும்படி மூன்றாக மடிப்பாய். ஓரத்தில் ஒரு பின் அடித்து, மேலே வெறும் நம்பர் மட்டும் எழுதுவாய். "ஏண்டி இவ்ளோ பில்டப்பு? வெறும் ஹீமோகுளோபின்தான" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "அது அவுங்க ஒடம்புடி. ஊருக்கு ஒட்டுற நோட்டீஸா?" என்றாய். வக்கீலான எனக்கு வராத வரி அது. தனியுரிமை பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ தீர்ப்புகளைப் படித்து, ஒரு பேப்பரில் வாராவாரம் பத்தியும் எழுதிவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

காலேஜில் நாம் ஒரே பெஞ்சு. விலங்கியல். தவளையை நீ கை நடுங்காமல் அறுப்பாய், நான் வெளியே ஓடிவிடுவேன். அப்படி ஓடியவள்தான் சட்டம் படித்துக் கடலூர் கோர்ட்டுக்குப் போனேன். நீ லேப் படிப்பு படித்துச் சிதம்பரத்திலேயே தங்கினாய். இருவருக்கும் கல்யாணம், பிள்ளைகள், அலைச்சல். ஆனாலும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு நீ கடலூர் வருவாய், இல்லையென்றால் நான் அங்கே வருவேன். என் பத்தியைப் படித்துவிட்டு நீ சொல்கிற விமர்சனம் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணும் புரியலடி. ஆனா போட்டோ நல்லா போட்டிருக்கான்."

அந்தப் பேப்பரிலேயே ஒரு நாள் உன் போட்டோவும் வந்தது.

நீ வேலை செய்த லேபிலிருந்து ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு வெளியே கசிந்துவிட்டது. கல்யாணமாகாத பெண். யாரோ அதைப் போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா போலீசுக்குப் போனார். ஊழியர்கள் நாலு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்து, சாயந்திரம் அனுப்பிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து சோறு வடித்தாய், தூங்கினாய். மறுநாள் பேப்பரில், "பெண்ணின் ரகசியத்தை வெளியிட்ட லேப் ஊழியர் கைது." உன் பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், தெரு. நாலு பேரில் உன்னை மட்டும் பேப்பர்காரர்கள் ஏன் போட்டார்கள்? உன் படம் மட்டும்தான் அவர்களுக்குக் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. தேர்த் திருவிழாவில் எடுத்து உன் மகள் ஆசையாக இணையத்தில் போட்டிருந்த படம். மகளை வெட்டிவிட்டு உன்னை மட்டும் அச்சடித்திருந்தார்கள். உன் தோள்மேல் அவளுடைய நாலு விரல் மட்டும் மிச்சமிருந்தது.

ரிப்போர்ட்டை மடித்து மடித்துக் கொடுத்த உன்மேலேயே அந்தப் பழி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

படம் எடுத்து அனுப்பியவன் லேப் ஓனரின் மச்சான் என்று அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. குற்றப்பத்திரிகையில் உன் பெயரே இல்லை. ஆனால் அதை எந்தப் பேப்பரும் போடவில்லை. ஒருத்தியைக் கைது செய்யவில்லை என்பது எப்படிச் செய்தியாகும்?

செய்தி வந்த வாரமே நான் அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போயிருந்தேன். நாம் வாராவாரம் எழுதுகிற இடம்தானே, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று நினைப்பு. ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார். "போலீஸ்ல சொன்னததான் மேடம் போட்டோம். எங்க ரிப்போர்ட்டருக்கு கைது, விசாரணை ரெண்டும் ஒண்ணுதான். நீங்க ஒரு மறுப்பு எழுதிக் குடுங்க, எடம் இருந்தா போட்டுடலாம்" என்றார். இடம் இருந்தது. உள்பக்கத்தில், காணாமல் போன ஒரு பத்திரத்துக்கான விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி: "கடந்த வெள்ளிக்கிழமை வெளியான செய்தியில் 'கைது' என்பதை 'விசாரணை' எனத் திருத்தி வாசிக்கவும்."

அன்றைக்கு நீ போன் செய்தாய். "நான் திருத்தி வாசிச்சிட்டேன்டி. எங்க தெருவ யாரு திருத்தி வாசிக்க வெக்கிறது?" என்று கேட்டாய். அந்தப் பேப்பருக்கு எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். பெரிய தியாகம் போல உன்னிடம் சொன்னேன். "அதுல போட்டோவாவது நல்லா வந்துகிட்டு இருந்துச்சு" என்றாய்.

அச்சில் வந்தது பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். இணையத்தில் இருப்பது போகாது. உன் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்த 'கைது'தான். உன் வீட்டுக்காரர் புவனகிரியில் தன் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பி வந்தார். ஓனரும் ஒரு நாள், "கொஞ்ச நாளு வூட்ல இரும்மா, சூடு அடங்கட்டும்" என்றார். அப்போதுதான் நீ கடலூருக்கு, என் மஞ்சக்குப்பம் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாய். நீ கேட்டது ஒன்றே ஒன்று. நஷ்டஈடு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். "எம் பேர அதுலேந்து எடுத்துடுன்னு சொல்லுடி. வேற ஒண்ணும் வாணாம்."

மனுவை நானே தட்டினேன். எல்லா மனுவும் எப்படித் தொடங்குமோ அப்படித் தொடங்கினேன்: உன் பெயர், வயது, கணவர் பெயர், கதவு எண், தெரு. கையெழுத்துப் போடும்போது நீ பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாய், "இதுலயும் பேரு, அட்ரஸ் எல்லாம் போடணுமா?"

"கோர்ட்டுப் பேப்பர்டி இது. இத யாரு படிக்கப் போறா?" என்றேன்.

நீ கையெழுத்துப் போட்டாய்.

இந்த மாதிரி வழக்கில் மனுதாரரின் பெயரை ஆவணங்களில் மறைக்கச் சொல்லி ஒரு பக்கத்தில் தனி மனு போடலாம். அது எனக்குத் தெரியாததில்லை. வேறு பெண்களுக்குப் போட்டிருக்கிறேன். அதெல்லாம் வேறு மாதிரி வழக்குகள், பெயரை மறைத்தே ஆகவேண்டியவை. உன் வழக்கில் பேப்பரை எதிர்த்து எழுதுகிற வேகத்தில், பெயரை அழி என்று கேட்கிற இடத்திலேயே அதை மறுபடி எழுதுகிறோம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அரை மணி நேர வேலை. அதை எண்ணி எத்தனை தடவை என் தலையில் நானே அடித்துக்கொண்டிருப்பேன் தெரியுமா?

கடலூரில் தோற்றோம். நடந்ததைப் பதிவு செய்து வைப்பது பத்திரிகையின் உரிமை, பழைய செய்தியை அழிக்கச் சொல்வது சரித்திரத்தை அழிக்கச் சொல்வது என்றது கோர்ட்டு. சென்னைக்குப் போய் மேல்கோர்ட்டில் ஜெயித்தோம். என்ன அருமையான தீர்ப்பு அது! மக்களுக்குத் தெரிந்தாக வேண்டியது வேறு, தெரிந்துகொள்ள ஆசைப்படுவது வேறு என்று அந்த நீதிபதி பிரித்துக் காட்டினார். குற்றப்பத்திரிகையிலேயே இல்லாத ஒருத்தியின் பெயரைப் பிடித்துவைத்திருப்பதில் என்ன பொதுநலன் இருக்கிறது என்று கேட்டார். திருத்தம் என்றால் செய்தி எவ்வளவு பெரிதாகப் போனதோ அவ்வளவு பெரிதாகப் போகவேண்டும் என்று அந்த இரண்டு வரி மறுப்பையும் ஒரு பிடி பிடித்திருந்தார். செய்தியை எடுத்துவிடு என்று உத்தரவு. அவர்களும் மறுவாரமே எடுத்துவிட்டார்கள்.

செய்தி போன அன்றைக்குச் சிதம்பரத்தில் என்னை இழுத்துக்கொண்டு போய் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தாய். இரண்டாவது தட்டும் கேட்டாய். நான் மறுவாரமே வேறொரு இதழில் அந்தத் தீர்ப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். உன் பெயரைச் சொல்லவே இல்லை. 'சிதம்பரத்தைச் சேர்ந்த ஒரு பெண்' என்று மட்டும் போட்டு, அந்த எச்சரிக்கைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு மாதம் போயிருக்கும். கடலூரில் ஒரு பெரிய லேபில் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நீ வந்திருந்தாய். எனக்குச் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருப்பாய். மத்தியானம் கோர்ட்டு கேன்டீன் வாசலில் நீ நிற்பதைப் பார்த்து ஓடிவந்தேன். போனை என் கையில் கொடுத்தாய். "படி" என்றாய்.

நம் தீர்ப்பு. தீர்ப்புகளைத் திரட்டிப் போடுகிற தளம் ஒன்றில் முழுசாகக் கிடந்தது. மேலே கொட்டை எழுத்தில் உன் பெயர், 'எதிர்', பேப்பரின் பெயர். அடுத்து உன் தெரு. இரண்டாவது பத்தியில் அந்தச் செய்தி ஒரு எழுத்து விடாமல் எடுத்துப் போடப்பட்டிருந்தது, தலைப்பு உட்பட. வழக்கு என்னவென்று சொல்லாமல் தீர்ப்பு எழுத முடியாதே. பேப்பர்காரன் எடுத்துவிட்டான். ஆனால் அவன் எடுத்தது முழுக்க நம் தீர்ப்பில் பத்திரமாக இருந்தது.

"இன்டர்வியூல அந்தாளு எம் பேர அடிச்சான். 'நீங்கதானா அந்த கேஸு'ன்னான்" என்றாய். பிறகு சிரித்தாய். சத்தியமாகச் சிரித்தாய், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "பேப்பர்ல மூணு பத்திதான்டி இருந்துச்சு. நீங்க எல்லாரும் சேந்து பதினோரு பக்கம் போட்டிருக்கீங்க."

என்னமோ உளறினேன், இன்னொரு மனு போடலாம், மறைக்கச் சொல்லலாம் என்று. நீ என்னைத் திட்டியிருக்கலாம். "படிச்சவளாடி நீ" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "ஒனக்குத் தோணாம போச்சு, அவ்ளோதான். ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல. அழாத, ஒன் கட்சிக்காரங்க பாக்கறாங்க" என்று உன் கர்ச்சீப்பைக் கொடுத்தாய். சிதம்பரம் பஸ் பிடிக்கவேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாய்.

பெயரை மறைக்கும் மனுவை அந்த வாரமே போட்டேன். குறை சொல்லித் திரும்பி வந்தது. சரிசெய்து போட்டேன், மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு விசாரணை என்று தேதி கிடைத்தது. அந்த விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் போனில், "போயிட்டாங்க சிஸ்டர்" என்றார். எங்கே போனாய் என்று கேட்டேன் நான்.

அந்தச் செய்திதான் உன்னைக் கொன்றது என்று எழுதக் கை துடிக்கிறது. உனக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தது, உன் அப்பாவும் இப்படித்தான் போனார். எது காரணம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் நானும் அந்த ரிப்போர்ட்டரும் ஒன்றுதான்.

விடுமுறை முடிந்து மனு வந்தது. மனுதாரர் காலமாகிவிட்டார் என்று நானே எழுந்து சொன்னேன். அவருடைய மகள் சார்பில் தொடர அனுமதி கேட்டேன். நீதிபதி மரியாதையாகத்தான் பேசினார். இந்த உரிமை அந்த ஆளுக்கு மட்டுமே உரியது, ஆள் போனால் உரிமையும் போய்விடும், அதைச் சொத்துபோல வாரிசுக்கு விட்டுப் போக முடியாது என்றார். சட்டம் அப்படித்தான். நானே அதை ஒருமுறை பத்தியில் விளக்கி எழுதியிருக்கிறேன், வெகு நியாயமான நிலைப்பாடு என்று வேறு சொல்லியிருக்கிறேன். மனு முடித்துவைக்கப்பட்டது. அந்த உத்தரவும் இணையத்தில் ஏறியது, உன் பெயரோடு, பக்கத்தில் 'காலமானார்' என்ற குறிப்போடு.

உன்னிடம் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. தீர்ப்புகளுக்குத் தனியாகப் பெயர் கிடையாது, மனுதாரரின் பெயர்தான் அதற்கும் பெயர். அது நல்ல தீர்ப்பு அல்லவா, எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். பழைய செய்தியிலிருந்து யாருடைய பெயரையாவது எடுக்கவேண்டுமென்றால் வக்கீல்கள் எழுந்து நின்று முதலில் உன் பெயரைச் சொல்கிறார்கள். பெயரை அழிக்கச் சொல்லிக் கேட்ட உன் பெயர்தான் இன்றைக்குக் கோர்ட்டுகளில் நிறையப் பேசப்படுகிறது. இதைத் தடுக்க ஒரு மனு உண்டா என்று நான் தேடாத புத்தகம் இல்லை.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடலூர்ப் பக்கம் கடற்கரைக் கிராமத்துப் பெண் ஒருத்தி என் கட்சிக்காரி. மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். வேறொரு பெண்ணைப் பற்றிய அசிங்கமான ஒரு செய்திக்கு இவள் படத்தையும் பெயரையும் போட்டுவிட்டார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த வினை. அவள் வந்த அன்றைக்கே பெயரை மறைக்கும் ஒரு பக்க மனுவை முதலில் தட்டினேன். அது ஏற்கப்பட்டது. கோர்ட்டு வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் வெறும் 'எக்ஸ்'.

இன்று செய்தியை எடுக்கச் சொல்லும் மனுமேல் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அழகாகப் பேசினார். பாதிக்கு மேல் நானே ஒத்துக்கொள்வேன். நீதிபதி என்னைப் பார்த்து, "மேல்கோர்ட்டுத் தீர்ப்பு ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

இருக்கிறது என்றேன். ஆண்டையும் வழக்கு எண்ணையும் மட்டும் சொன்னேன்.

"நம்பரச் சொன்னா எப்படிம்மா? பேரச் சொல்லுங்க."

நான் மறுபடி நம்பரையே சொன்னேன். பின்னால் என் கட்சிக்காரி நிற்பது தெரிந்தது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் அவள் தோற்றுவிடுவாள் என்பதும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே, "மேடத்துக்கு அவங்க கேஸே மறந்துபோச்சு போல" என்றார்.

சொன்னேன். மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நீதிபதி காதருகே கையை வைத்தார். மறுபடி சொன்னேன், சத்தமாக. நிறைந்த கோர்ட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. தட்டச்சு செய்கிறவர் தலையை நிமிர்த்தி, "ஸ்பெல்லிங் மேடம்?" என்றார். உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். 'எச்' உண்டா இல்லையா என்று கேட்டார். உண்டு என்றேன்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. இடைக்கால உத்தரவுதான், ஆனாலும் செய்தியை எடுத்தாக வேண்டும். என் கட்சிக்காரி வராந்தாவுக்கு வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கிற வரை நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "உள்ள ஒரு பேரு சொன்னீங்களே மேடம். அவுங்க யாரு? அவுங்களால தான நமக்கு நல்லது நடந்துச்சு? நல்லா இருக்காங்களா? ஒரு தடவ போய்ப் பாக்கணும் போல இருக்கு. ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அவள் தன் ஊரில் நாலு பேரிடம் சொல்வாள், நன்றியோடுதான் சொல்வாள். என்ன கேஸ் என்று அந்த நாலு பேர் தேடுவார்கள்.

"தெரியாதும்மா. ஏதோ பழைய கேஸு" என்றேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் என்னோடு இருக்கிறது. உனக்கென்று நான் தட்டிய மனு எல்லாம் உன்னை இன்னும் வெளியே இழுத்துப் போட்டது. கடைசியில், உன்னைத் தெரியாது என்று பொய் சொல்வதுதான் என்னால் முடிந்தது. யார் கேட்டாலும் இனி அப்படித்தான் சொல்வேன்.